ஒரே கல்லீரலில் இரண்டு நோய்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"டாக்டர், அரை மணி நேரம் உடம்பைப் பத்தி ஏதாவது பேசுங்க. ஆனா யாரையும் பயமுறுத்திடாதீங்க" என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வடை பாயசத்தோடு விருந்து போட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கல்லீரலைப் பற்றிப் பேசச் சொல்கிறார்! இருந்தாலும் இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. படித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவன் நான். வயிறும் குடலும் கல்லீரலும்தான் எனக்குச் சோறு போட்டன. எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு, இதே போன்ற ஒரு சந்திப்பு. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் என் வகுப்புத் தோழன். விடுதியில் அடுத்த அறைக்காரன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவன் துணைவியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன். ரசம் வந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"டேய், போன வாரம் செக்கப் பண்ணேன். ஃபேட்டி லிவர், கிரேடு ரெண்டுன்னு போட்டிருக்கான். பயப்படணுமா?"

இடது கையால் வாங்கிப் பார்த்தேன். "இந்த வயசுல நிறையப் பேருக்கு இருக்குடா. தொப்பையைக் குறை, தினமும் நட, பலகாரத்தை விடு" என்றேன். அவன் நிம்மதியாகச் சிரித்தான். இன்னொரு வடை வாங்கிக்கொண்டான்.

2017இல் அவன் மகன் எனக்குப் போன் செய்தான். அப்பாவுக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, பசியில்லை, எடை குறைந்துகொண்டே போகிறது என்றான். வரவழைத்துப் பார்த்தோம். கல்லீரலில் பெரிய கட்டி. புற்றுநோய். கூடவே எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. நான்கு மாதத்தில் போய்விட்டான்.

கடைசி நாட்களில்தான் விஷயத்தைச் சொன்னான். 1994இல் வளைகுடா நாட்டில் வேலை கிடைத்து மெடிக்கலுக்குப் போயிருக்கிறான். அங்கே பி வைரஸ் இருப்பதாகச் சொல்லித் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்கம். மனைவியிடம்கூட "விசா வரல" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். ஆறு மாதம் கீழாநெல்லி அரைத்துச் சாப்பிட்டிருக்கிறான். அதன்பிறகு எடுத்த பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்ததும், நோய் போய்விட்டது என்று நம்பிவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவன் சொல்லவில்லை, நான் என்ன செய்வேன் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டியவன் நான்தானே! "உனக்கு எப்பவாவது பி, சி பார்த்திருக்காங்களாடா?" என்ற ஒரே ஒரு கேள்வி. அதை நான் கேட்கவில்லை. ஃபேட்டி லிவர் என்று பார்த்ததும், காரணம் கிடைத்துவிட்டது என்று என் மனம் தேடுவதை நிறுத்திக்கொண்டது. ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டதால் இன்னொரு நோய் இல்லை என்று ஆகிவிடாது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

கொழுப்பு

கல்லீரல் நம் வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை. நாம் சாப்பிடும் சோறும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போனால், அதைக் கொழுப்பாக மாற்றுவது கல்லீரல்தான். அப்படி மாற்றிய கொழுப்பைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி ரத்தத்தில் ஏற்றி அனுப்பிவிடும். வரவு அதிகமாகி, அனுப்புவது குறைந்துபோனால் மூட்டைகள் கிடங்கிலேயே தங்கிவிடும். நூறு கல்லீரல் செல்களில் ஐந்துக்கு மேல் கொழுப்பு தேங்கினால் அதுதான் ஃபேட்டி லிவர். தொப்பை, சர்க்கரை நோய், ரத்தத்தில் டிரைகிளிசரைடு, மது, இவைதான் பெரும்பாலும் காரணம்.

கொழுப்பு வெறுமனே இருந்துவிட்டுப் போனால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கு அது அழற்சியாக மாறும். அழற்சி ஆறி ஆறித் தழும்பாகும். தழும்பு கூடிக் கூடி ஈரல் சுருங்கும். அதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கேனில் கிரேடு ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுகிறார்களே, அது ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது, அதாவது எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதற்கான கணக்கு. எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. "கிரேடு ஒண்ணுதான் சார்" என்று நிம்மதியாக இருப்பவருக்கும் தழும்பு இருக்கலாம்.

வைரஸ்

இனி வைரஸுக்கு வருவோம். மஞ்சள் காமாலை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல வகை உண்டு. தண்ணீராலும் உணவாலும் வருவது ஏ, ஈ. இவை பெரும்பாலும் வந்து போய்விடும். ரத்தத்தின் வழியாகவும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் வருவது பி. பெரும்பாலும் ரத்தத்தின் வழியே வருவது சி. இந்த இரண்டும்தான் உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக்கூடியவை. பிறக்கும்போது பி வைரஸ் தொற்றினால் பத்துக்கு ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். சி வைரஸ் அப்படியல்ல, யாருக்கு வந்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தங்கிவிடும்.

2022ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கின்படி இந்தியாவில் பி வைரஸ் உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். சி வைரஸ் உள்ளவர்கள் 55 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

பி வைரஸுக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த வைரஸின் அடையாளத்தை 1960களில் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூச் புளூம்பெர்க். 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் அவர்களும் சேர்ந்து, கீழாநெல்லியை பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் நண்பன் சாப்பிட்டதில் குற்றமில்லை. அதை நம்பிப் பரிசோதனையை நிறுத்திவிட்டதுதான் குற்றம். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருந்தாலும் பி வைரஸ் உள்ளேயே இருக்கலாம்.

இரண்டும் சேர்ந்தால்

இப்போது ஊரில் வயது வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு ஃபேட்டி லிவர் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் பி, சி உள்ளவர்களிலும் ஏராளமானோருக்கு அது இருக்கத்தானே செய்யும்? இருக்கிறது. ஆனால் இரண்டு வைரஸும் கொழுப்போடு நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு.

சி வைரஸ் கொழுப்பை நேரடியாகவே உண்டாக்கும். கல்லீரல் கொழுப்பை மூட்டை கட்டி அனுப்புகிறது என்றேன் அல்லவா? சி வைரஸ் தன்னைக் கட்டி வெளியே அனுப்பிக்கொள்வதற்கும் அதே பட்டறையைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் கொழுப்பு வெளியே போவது தடைப்படுகிறது. சி வைரஸில் பல ஜீனோடைப்புகள் உண்டு. அவற்றில் மூன்றாம் ஜீனோடைப்தான் இந்த வேலையை மிக அதிகமாகச் செய்யும். இந்தியாவில் அதிகம் காணப்படுவதும் அதுவேதான். ஒல்லியான ஆள், சர்க்கரை இல்லை, மது தொடுவதில்லை, ஆனால் ஈரல் முழுக்கக் கொழுப்பு என்று வந்தால், சி பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும். மருந்து கொடுத்து வைரஸ் போனால் அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பி வைரஸ் அப்படியல்ல. அது பெரும்பாலும் கொழுப்பை உண்டாக்குவதில்லை. பி உள்ளவருக்குக் கொழுப்பு இருந்தால், அது தொப்பையாலும் சர்க்கரையாலும் வந்ததுதான். இதில் ஒரு விநோதமும் உண்டு. கொழுப்பு இருப்பவர்களுக்கு ரத்தத்தில் பி வைரஸின் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டதும், "அப்ப கொழுப்பு நல்லதுதானே டாக்டர்!" என்று ஒருவர் என்னிடம் சந்தோஷப்பட்டார். அவசரப்படாதீர்கள். தைவானில் 1991-92இல் ஏழு ஊர்களில் 23,820 பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பி அல்லது சி வைரஸ் உள்ளவர்களில், பருமனும் சர்க்கரையும் சேர்ந்து இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. அங்கே ஆபத்து கூட்டலாக ஏறவில்லை, பெருக்கலாக ஏறியது.

நாங்கள் மருத்துவர்களும் இதைச் சரியாகக் கவனிக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்பவர், மது குடிக்காதவர்களுக்கும் கொழுப்பால் ஈரல் அழற்சி வருகிறது என்று எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அந்த வழியில் வந்த இலக்கணப்படி, வைரஸ் போன்ற வேறு காரணங்கள் எதுவும் இல்லை என்றால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம். அதாவது வைரஸும் கொழுப்பும் சேர்ந்து இருப்பவருக்கு ஏட்டில் இடமே இல்லை. 2020இல் இந்த இலக்கணத்தை மாற்ற வேண்டும் என்று பலர் எழுதினார்கள். 2023இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரையே மாற்றின. இப்போது ஒருவருக்கு வைரஸ் நோயும் கொழுப்பு நோயும் உண்டு என்று இரண்டையும் சேர்த்தே எழுதலாம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏட்டில் இடம் இருந்தால்தான் கேள்வி கேட்கத் தோன்றும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். 1988இல் பிரசவ அறுவை சிகிச்சையின்போது ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். 2018இல்தான் சி வைரஸ் இருப்பது தெரிந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டார், வைரஸ் அடியோடு போய்விட்டது. மூன்று வருடம் கழித்து எஸ்.ஜி.பி.டி. மறுபடி ஏறியது. "வைரஸ் திரும்ப வந்துடுச்சா டாக்டர்?" என்று கண் கலங்க வந்தார். சோதித்தோம். வைரஸ் இல்லை. ஆனால் நோய் தீர்ந்த மகிழ்ச்சியில் பதினோரு கிலோ ஏறியிருந்தார், சர்க்கரையும் வந்திருந்தது. இந்த முறை குற்றவாளி கொழுப்பு! ஒரு வருடத்தில் எட்டு கிலோ குறைத்தார். ரிப்போர்ட் சரியாகிவிட்டது. வைரஸ் போனதோடு கல்லீரலுக்கு விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஆயுளில் ஒரு முறையாவது பி, சி இரண்டுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தியாவில் தானமாகக் கொடுக்கும் ரத்தத்தில் சி வைரஸைச் சோதிப்பது கட்டாயமானது 2001இல்தான். அதற்கு முன்னால் விபத்திலோ, ஆபரேஷனிலோ, பிரசவத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, இருப்பது தெரிந்தால் ஒளிக்காதீர்கள். சி வைரஸுக்கு மூன்று மாத மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். பி வைரஸை அடியோடு விரட்டுவது அரிது. ஆனால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகளால் அதை அடக்கி வைக்கலாம். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, அதை மருத்துவர் முடிவு செய்வார். ஆரம்பித்த மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இவற்றை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் இந்த மாத்திரைகள் வைரஸைத்தான் பார்த்துக்கொள்ளும். தொப்பையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தழும்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் இந்த நான்கையும் வைத்து ஒரு கணக்குப் போட்டாலே ஓரளவு தெரியும். அதன்பிறகு ஃபைப்ரோஸ்கேன் என்று ஒன்று உண்டு. ஊசி, கத்தி எதுவும் இல்லை. கொழுப்பு, தழும்பு இரண்டையும் தனித்தனியே காட்டும். அதற்குப் போகும்போது மூன்று மணி நேரம் வெறும் வயிறாகப் போக வேண்டும். இன்று போல் சாப்பிட்டுவிட்டுப் போனால் கணக்குத் தப்பிவிடும்!

நான்காவது, பி வைரஸ் உள்ள நம் வயதுக்காரர்களும், எந்தக் காரணத்தால் சிரோசிஸ் வந்தவர்களும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும். பி வைரஸ் சிரோசிஸ் வராமலேயே புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. சி வைரஸ் போய்விட்டாலும், அதற்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தால் இந்த ஸ்கேனை நிறுத்தக் கூடாது. கட்டி சிறிதாக இருக்கும்போது பிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது. என் நண்பனுக்கு 2011இலிருந்து இதைச் செய்திருந்தால் ஏறத்தாழ பன்னிரண்டு ஸ்கேன் ஆகியிருக்கும்.

ஐந்தாவது, எடை. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். ஏழு முதல் பத்து பங்கு குறைந்தால் அழற்சி அடங்கும், தழும்புகூடக் குறையலாம். 80 கிலோ உள்ளவர் 72-க்கு வர வேண்டும். ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து அல்ல, ஆறேழு மாதத்தில். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை இரண்டு கரண்டி கூட்டுங்கள். மாலை நேரத்து பஜ்ஜியையும் பாட்டில் குளிர்பானத்தையும் விடுங்கள். தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மது ஒரு சொட்டும் வேண்டாம். வைரஸ், கொழுப்பு, மது மூன்றும் சேர்ந்தால் எந்த ஈரலும் தாங்காது.

காலையில் தேநீர் நேரத்தில் சிலர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "காபி குடிக்கலாமா?" குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரையை மட்டும் விட்டுவிடுங்கள். "பி உள்ளவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கணுமா?" வேண்டவே வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. ரேசர், பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சோதித்துவிட்டு, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். பேரப்பிள்ளை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட்டார்களா என்று தாத்தா பாட்டி கேளுங்கள். "ஈரல் கெட்டவங்க கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடலாமா?" பெரும்பாலோர் சாப்பிடலாம். பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தாமல் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

நண்பர்களே, என் தோழன் இறந்தபிறகு அவன் மனைவிக்கும் மகனுக்கும் சோதித்தோம். நல்லவேளை, இருவருக்கும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "என்கிட்ட ஏன் சொல்லாம விட்டார் அண்ணா? நான் என்ன அவரை விட்டுட்டா போயிருப்பேன்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு விசா போன வெட்கம் இருபத்து மூன்று வருடம் அவன் வாயை அடைத்துவிட்டது. என் அவசரம் மிச்சத்தைச் செய்துவிட்டது.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஃபேட்டி லிவர் என்று யார் ரிப்போர்ட் நீட்டினாலும், பந்தியாக இருந்தாலும் கல்யாண மண்டபமாக இருந்தாலும், "பி, சி பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு பேச்சு. இன்று உங்கள் எல்லோரையும் அதே கேள்வியைக் கேட்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. மாலை தேநீர் வரைக்கும் இங்கேதான் இருப்பேன். தனியாகப் பேச வேண்டியவர்கள் தயங்காமல் வாருங்கள். பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் எல்லாவற்றையும் அனுப்புங்கள். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்க்கிறேன்.

அடுத்த சந்திப்பிலும் இதே முகங்களை இதே எண்ணிக்கையில் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.